கையேட்டை விக்கியில் ஏற்றச் சொல்கிறார் மேலாளர்

கேள்வி: வீட்டுக் கூரைகளுக்கான சோலார் இன்வெர்ட்டர்கள் தயாரிக்கும் நிறுவனத்தில், ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். குழுவில் மூன்று பேர்தான். நிறுவும் முறை, பராமரிப்பு, பிழை எண்கள், கண்காணிப்புச் செயலி எல்லாம் சேர்த்து 180 பக்கத்தில் ஒரு பிடிஎஃப் கையேடு வைத்திருக்கிறோம். “இதை யாரும் படிப்பதில்லை. மொத்தத்தையும் விக்கியில் ஏற்றிவிடுங்கள், பயனர்களே திருத்திக்கொள்வார்கள். மற்றதை ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார் மேலாளர். பயனர்களே நடத்தும் ஃபேஸ்புக் குழு ஒன்றும், நிறுவுநர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே எங்கள் கையேட்டைவிட நல்ல பதில்களும் வருகின்றன, படித்தால் நெஞ்சு பதறும் பதில்களும் வருகின்றன. மேலாளர் சொல்வதை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை, மறுக்கவும் சரியான காரணம் சொல்லத் தெரியவில்லை. என்ன செய்யலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தக் குழுக்களில் நாங்கள் பதில் எழுதுவதானால் சொந்தப் பெயரில் எழுதுவதா, நிறுவனத்தின் பெயரிலா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

உங்கள் மேலாளர் சொல்வதில் பாதி சரி. 180 பக்க பிடிஎஃப்பை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. கூரைமேல் நிற்பவர் போனை எடுத்துப் பிழை எண்ணைத் தட்டுகிறார், முதலில் வருவதைப் படிக்கிறார். அது உங்கள் பக்கமாக இல்லை என்பது மேலாளருக்கு உறுத்துகிறது. நியாயமான உறுத்தல்தான். ‘பயனர்களே திருத்திக்கொள்வார்கள்’ என்கிற மற்ற பாதியில்தான் சிக்கல்.

விக்கி வேண்டுமா வேண்டாமா என்று அவரோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த விவாதத்தில் நீங்கள் மாற்றத்துக்குப் பயப்படுகிறவராகத்தான் தெரிவீர்கள். கையேட்டை அச்செடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே ஒரே கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்: இது தப்பாக இருந்தால் யாருக்கு என்ன ஆகும்? செயலியில் வரைபடத்தின் நிறத்தை மாற்றுவது பற்றிய பக்கம் தப்பாக இருந்தால் ஒருவர் எரிச்சலடைவார். வைஃபை இணைப்பு பற்றிய பக்கம் தப்பானால் அரை நாள் போகும், சப்போர்ட்டுக்கு ஓர் அழைப்பு வரும். பேனலிலிருந்து வரும் டிசி மின் இணைப்பு பற்றிய பக்கம் தப்பானால் தீப்பிடிக்கும். இந்த மூன்றையும் ஒரே இடத்தில், ஒரே அனுமதியோடு வைக்கச் சொல்வதுதான் மேலாளரின் திட்டம். இப்படிப் பிரித்துக் காட்டினால் அவரே சொல்லிவிடுவார், எது எங்கே போக வேண்டும் என்று.

மூன்றாவது வகையில் ஒரு வரியை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இன்வெர்ட்டரின் மூடியைத் திறப்பதற்கு முன் ஏசி, டிசி இரண்டையும் துண்டித்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லி உங்கள் கையேட்டில் இருக்கும். மாடலைப் பொறுத்து நேரம் கூடலாம். உள்ளேயுள்ள கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்னழுத்தம் வடிய அவ்வளவு நேரம் பிடிக்கும். இந்த வரி, யார் வேண்டுமானாலும் தொகுக்கக்கூடிய விக்கியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்கமான நிறுவுநர் ஒருவர் வருகிறார். ‘ஐந்து நிமிடம்’ என்பதை ‘ஓரிரு நிமிடம்’ என்று மாற்றுகிறார். என்ன மாற்றினோம் என்று குறிக்கும் தொகுப்புச் சுருக்கத்தில் ‘நடைமுறைக்கேற்பத் திருத்தம்’ என்று எழுதிவிட்டுப் போகிறார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அவர் பலமுறை அப்படித் திறந்திருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் திறந்தவை சிறிய மாடல்கள். பெரிய மாடலைத் திறக்கப்போகும் புது ஆள் அந்தப் பக்கத்தை நம்பி விரலை உள்ளே விடுவார்.

விக்கி என்றதும் எல்லாரும் பயப்படுவது விசமத் தொகுப்புக்குத்தான். உண்மையில் அது அற்பத் தொல்லை. கெட்ட வார்த்தை எழுதுகிறவனையும், பக்கத்தை வெறுமையாக்குகிறவனையும், விளம்பர இணைப்பு ஒட்டுகிறவனையும் தானியங்கிகளே பெரும்பாலும் பிடித்துவிடும். வேறுபாட்டைக் காட்டும் திரையில் ஒரு பார்வை பார்த்தாலே தெரிந்துவிடும். அக்கறையோடு, நல்ல தமிழில், தவறாகத் திருத்துகிறவரைப் பிடிக்கத்தான் விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். உங்களிடம் இருப்பதோ மூன்று பேர்.

ஆகவே எச்சரிக்கைகள், மின் இணைப்பு, நிறுவும் வரிசை, அளவு அட்டவணைகள் எல்லாம் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். பயன்பாட்டுத் தகவல்களைத் தயாரிப்பதற்கென்றே ஐஈசி/ஐஈஈஈ 82079-1 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது, 2019இல் புதுப்பித்தார்கள். மேலாளருக்கு அதைப் படிக்கப் பொறுமை இருக்காது. ‘வழக்கு வந்தால் இந்த வரியை எழுதியது யார், சரிபார்த்தது யார் என்று கேட்பார்கள்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

அதற்காகப் பயனர்களை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டியதில்லை. பிஎச்பி நிரல்மொழியின் கையேட்டைப் பாருங்கள். மேலே இருக்கும் அதிகாரபூர்வ உரையை வாசகர் தொட முடியாது. கீழே பயனர் குறிப்புகள். ‘இந்தச் செயற்கூறு இந்த நிலையில் இப்படி நடந்துகொள்கிறது, ஜாக்கிரதை’ என்று அனுபவப்பட்டவர்கள் எழுதுகிறார்கள், மற்றவர்கள் வாக்களித்து மேலே தள்ளுகிறார்கள். எது யாருடைய சொல் என்பதில் வாசகருக்குக் குழப்பமே வராது. பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு இது. உங்களுக்கு முதலில் பொருந்துவதும் இதுதான் என்பது என் எண்ணம்.

விக்கிதான் வேண்டும் என்று மேலாளர் பிடிவாதம் பிடித்தால் நடுவழி ஒன்று உண்டு. விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி மென்பொருளில், யார் திருத்தினாலும் சரிபார்த்த பதிப்பையே பொது வாசகருக்குக் காட்டும் நீட்சிகள் (கூடுதல் நிரல்கள்) இருக்கின்றன. ஜெர்மன் விக்கிப்பீடியா 2008 முதல் அப்படித்தான் இயங்குகிறது. புதியவரின் திருத்தம் அனுபவமுள்ள ஒருவர் பார்த்து ஒப்பிய பிறகே எல்லாருக்கும் தெரியும். அதில் ஒரு சங்கடம் உண்டு. சரிபார்க்க ஆள் இல்லாவிட்டால் திருத்தங்கள் வரிசையில் தேங்கும். தேங்கினால் திருத்தியவர் மறுபடி வரமாட்டார். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் இதற்கென்று ஒதுக்குவேன் என்று மேலாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் இதைத் தொடங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத, இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: பதிப்பு.

விக்கியில் எல்லாப் பக்கத்துக்கும் வரலாறு இருக்கிறது, எப்போது எது மாறியது என்று பார்க்கலாம், பிறகென்ன என்று தோன்றும். பக்கத்தின் வரலாறு வேறு, பொருளின் வரலாறு வேறு. உங்கள் இன்வெர்ட்டரில் ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) 3 ஓடுகிற வீடுகளும் இருக்கும், 4 ஓடுகிற வீடுகளும் இருக்கும். இரண்டு பேருமே இன்றைய வாடிக்கையாளர்கள்தான், இருவருக்கும் இன்றைக்குச் சரியான பக்கம் வேண்டும். விக்கி பக்கத்துக்கு ‘இன்று’ ஒன்றே ஒன்றுதான்.

என்ன நடக்கும் தெரியுமா? மின் ஏற்றுமதி வரம்பை அமைக்கும் மெனு, 3இல் ‘அமைப்புகள்’ என்பதற்குள் இருந்தது, 4இல் ‘கிரிட்’ என்பதற்குள் போய்விட்டது என்று வையுங்கள். நீங்கள் 4க்கு ஏற்பப் பக்கத்தை எழுதுகிறீர்கள். 3 வைத்திருப்பவர் வந்து பார்க்கிறார், அவர் திரையில் அப்படி இல்லை. ‘கையேடு தப்பு’ என்று நினைத்துத் திருத்துகிறார். மறுநாள் 4 வைத்திருப்பவர் வந்து பழையபடியே மாற்றிவிடுகிறார். ஒரு வாரத்தில் இருவரும் அதற்கான உரையாடல் பக்கத்தில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருப்பார்கள். இருவர் சொல்வதும் சரி. மூன்றாவதாக ஒரு நல்லவர் வந்து ‘சில கருவிகளில் இங்கே, சில கருவிகளில் அங்கே இருக்கலாம்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதிச் சமாதானம் செய்துவைப்பார். அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பக்கத்தால் யாருக்கும் பயனில்லை.

இதற்குத் தொழில்நுட்பத் தீர்வுகள் பல இருந்தாலும் மூன்று பேர் குழுவுக்கு எளியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ‘எந்த மாடல், எந்த ஃபர்ம்வேர்’ என்ற பெட்டி கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பெட்டி இல்லாமல் பக்கம் சேமிக்கவே கூடாது என்கிற அளவுக்குக் கண்டிப்பு தேவை. தங்கள் ஃபர்ம்வேர் எண்ணை எங்கே பார்ப்பது என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. எனவே பெட்டிக்குள்ளேயே அதற்கு ஒரு படமும் ஓர் இணைப்பும் வேண்டும். பெரிய வெளியீட்டின்போது மெனு அடியோடு மாறினால் பழைய பக்கத்தைத் திருத்தாதீர்கள். அதைப் பூட்டி, ‘3க்கு மட்டும்’ என்று பெயர் மாற்றி, புதுப் பக்கம் தொடங்குங்கள். இப்படிச் செய்தால் பக்கங்கள் பெருகத்தான் செய்யும். பெருகட்டும், தேடுபொறி எண்ணிக்கையைப் பார்த்து மிரளாது.

மொசில்லாவின் எம்டிஎன் தளத்தை உங்கள் மேலாளரும் கேள்விப்பட்டிருப்பார். இணையதளம் கட்டுகிறவர்களுக்கு அதுதான் அகராதி. 2005 முதல் அது விக்கியாகவே இருந்தது. கணக்கு வைத்திருக்கும் யாரும் தொகுக்கலாம், தொகுத்தது உடனே உலகத்துக்குத் தெரியும், சரிபார்ப்பு பிறகுதான். 2017இல் மைக்ரோசாஃப்ட், கூகுள், சாம்சங், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி ஆகியவையும் அதற்குத் தோள்கொடுக்க வந்தன. அவ்வளவு பலம் சேர்ந்த பிறகும் 2020 டிசம்பரில் விக்கியை விட்டுவிட்டு, நிரலாளர்கள் கோப்புகளைச் சேர்ந்து திருத்தும் தளமான கிட்ஹப்புக்கு மாறினார்கள். இப்போதும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் திருத்தம் முதலில் ஒருவர் கண்ணில் பட்டு, அதன் பிறகே வெளியே போகும். ‘பயனர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான். அதற்காக நீங்களும் கிட்ஹப்புக்குப் போக வேண்டாம். எம்டிஎன் வாசகர் நிரலாளர், அவருக்கு அது அன்றாடம். உங்கள் வாசகரிடம் புல் ரிக்வெஸ்ட் (அங்கே திருத்தத்தை ஒப்புதலுக்கு அனுப்பும் முறை) போடச் சொன்னால் குழுவை விட்டே ஓடிவிடுவார். பக்கத்தின் அடியில் ‘இதில் தவறு இருக்கிறதா?’ என்று ஒரு பொத்தான், அதைத் தட்டினால் இரண்டு வரி எழுதவும் போட்டோ சேர்க்கவும் ஓர் இடம், அனுப்பினால் உங்கள் டிக்கெட் (புகார்ப் பதிவு) வரிசையில் வந்து நிற்க வேண்டும். இவ்வளவு போதும்.

அடுத்து, யார் வந்து எழுதப்போகிறார்கள்? இணையத்தில் கூடும் எந்தக் கூட்டத்திலும் 90 பேர் படிப்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதினார். தோராயக் கணக்குதான், ஆனால் விக்கி நடத்தியவர் யாரும் அதை மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. உங்கள் பயனர் பட்டாளத்தில் அந்த ஒரு பங்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தாறு பேர் தேறினால் பெரிது.

கூட்டம் இருந்தாலும் ஆவணம் எழுத வந்துவிடும் என்று சொல்ல முடியாது. நிரலாளர்கள் மொய்க்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2016 ஜூலையில் தன் பயனர்களைக் கொண்டே தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதவைக்க ஒரு தனிப் பகுதி திறந்தது. 2017 ஆகஸ்டில் மூடிவிட்டது. இலவசமாகப் பதில் எழுதிக் குவித்த கூட்டம் அது. எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். ஒருவர் மாட்டிக்கொண்டு நிற்கிறார், அவருக்கு உதவலாம் என்கிற உந்துதலில் எழுதுவது வேறு. யாரும் கேட்காத ஒரு தலைப்பில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி முடிப்பது வேறு. இரண்டாவது, சம்பளத்துக்குச் செய்யும் வேலை.

எதிர்ப்பக்கத்துக்கு, லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான ஆர்ச் லினக்ஸின் விக்கி இருக்கிறது. அந்த லினக்ஸைப் பயன்படுத்தாதவர்கள்கூட அங்கே போய்ப் படிக்கிறார்கள். ஆனால் அங்கே எழுதும் விதிகளைப் படித்துப் பாருங்கள், கண்டிப்பான பள்ளிக்கூடம்தான். தொகுப்புச் சுருக்கம் கட்டாயம், பெரிய மாற்றத்தை ஒரே மூச்சில் செய்யக் கூடாது, ஒரு கட்டுரையைத் திருப்பி எழுதுவதானால் முதலில் உரையாடல் பக்கத்தில் அறிவிக்க வேண்டும். பயனர்கள் எழுதுகிறார்கள் என்பது உண்மை. அவர்களுக்குப் பின்னால் விடாப்பிடியான ஆசிரியர் கூட்டம் ஒன்று இருக்கிறது என்பதும் உண்மை.

ஆகவே பொது விக்கியை இப்போது விட்டுவிடுங்கள். நிறுவனத்துக்குள் மட்டும் திறக்கும் உள் விக்கியில் தொடங்குங்கள். உங்கள் நிறுவனத்தில் சப்போர்ட் அழைப்புகளை எடுப்பவர்களும், களத்துக்குப் போகும் சர்வீஸ் பொறியாளர்களும் தினமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டிக்கெட்டில் எழுதுகிறார்கள், வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள், சொந்த நோட்டில் கிறுக்குகிறார்கள். பிழை எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் திறந்து வையுங்கள். வெறும் பக்கத்தைக் கண்டால் யாருக்கும் கை வராது. கையேட்டில் இருக்கும் இரண்டு வரியை முதலில் ஒட்டி, கீழே ‘களத்தில் பார்த்தது’ என்று ஒரு தலைப்பை மட்டும் போட்டு விடுங்கள். அரைகுறையாக இருப்பதைக் கண்டால் திருத்தாமல் போக மனம் வராதவர்கள் எல்லா அலுவலகத்திலும் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் விக்கி ஓடும். அங்கே விளைவதைச் சரிபார்த்து, பொதுக் கையேட்டுக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் இது ஓடினால் பொது விக்கி பற்றி மேலாளரோடு மறுபடி பேசலாம்.

பழைய பக்கங்களைக் களையெடுக்க யார் பொறுப்பு என்பதை மட்டும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். உள் விக்கிகள் ஆள் வராமல் சாவதைவிட, காலாவதியான பக்கங்கள் மண்டி, ‘அங்கே தேடினால் எது உண்மை என்றே தெரியாது’ என்று பெயரெடுத்துச் சாவதுதான் அதிகம்.

சமூக ஊடகத்துக்கு வருகிறேன். உங்கள் நிலைமையில் விக்கியைவிட எனக்கு ஆர்வமூட்டுவது அந்த ஃபேஸ்புக் குழுதான்.

‘மழை பெய்த மறுநாள் காலையில் சிவப்பு லைட் எரிகிறது, பதினொரு மணிக்குத் தானாகச் சரியாகிவிடுகிறது’ என்று அங்கே யாராவது எழுதியிருப்பார்கள். எழுதாமல் இருக்க வாய்ப்பில்லை, எல்லா இன்வெர்ட்டர் குழுவிலும் இது வரும். உங்கள் கையேட்டில் அதே விஷயம் ‘மின்காப்புத் தடை குறைவு, நிறுவுநரை அணுகவும்’ என்று ஒரு பிழை எண்ணுக்கு எதிரே இருக்கும். நடப்பது என்ன? இன்வெர்ட்டர் காலையில் கிரிட்டோடு (ஊர் மின்கட்டமைப்போடு) இணைவதற்கு முன் பேனல் பக்கத்து மின்காப்பை அளந்து பார்க்கிறது. இரவு ஈரம் ஏதோ ஒரு கனெக்டரிலோ உரசிப்போன கேபிளிலோ இறங்கியிருந்தால் தடை குறைவாகக் காட்டும், கருவி இணைய மறுக்கும். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் அளவு தேறிவிடும், இணைந்துவிடும். ‘தானாகச் சரியாகிவிட்டது’ என்று வீட்டுக்காரர் நிம்மதியடைவார். கனெக்டரில் இருக்கும் கோளாறு அப்படியேதான் இருக்கும்.

அந்தப் பதிவுக்குக் கீழே வரும் பதில்களைப் படியுங்கள். ஒருவர் நான் மேலே எழுதியதையே இன்னும் அழகாக எழுதி, கனெக்டர்களைச் சோதிக்கச் சொல்லியிருப்பார். இன்னொருவர், ‘எர்த் ஒயரைக் கழற்றிவிடுங்கள், பிழை வராது’ என்று எழுதியிருப்பார். உங்கள் நெஞ்சு பதறியது இப்படிப்பட்ட ஏதோ ஒன்றைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். பிழையைக் காட்டுகிற விளக்கை அணைக்க வழி சொல்கிறார், ஆளைக் காப்பாற்றுகிற கம்பியைக் கழற்றச் சொல்கிறார். அதற்கும் பத்துப் பேர் நன்றி சொல்லியிருப்பார்கள்.

இந்த ஒரு பதிவிலிருந்து ஆவணக் குழுவுக்குக் கிடைப்பவை ஏராளம். முதலாவது, சொற்கள். வாடிக்கையாளர் ‘மின்காப்புத் தடை’ என்று எந்த ஜென்மத்திலும் தேடமாட்டார். ‘காலையில் சிவப்பு லைட்’, ‘மழைக்குப் பிறகு ஓடவில்லை’ என்றுதான் தேடுவார். அந்தச் சொற்கள் அப்படியே உங்கள் பக்கத்தின் முதல் பத்தியில் வர வேண்டும். விக்கியாக இருந்தால் அந்தச் சொற்களைத் தேடுபவரை உங்கள் பக்கத்துக்கே கொண்டுவரும் வழிமாற்றுகள் போடுங்கள். இரண்டாவது, கையேட்டில் விடுபட்ட விஷயம்: தானாகச் சரியாகும் பிழையையும் ஏன் கவனிக்க வேண்டும் என்ற விளக்கம். மூன்றாவது, நீங்கள் கனவிலும் நினைக்காத ஓர் எச்சரிக்கை. மக்கள் எர்த்தைக் கழற்றுகிறார்கள் என்று தெரிந்த பிறகுதானே ‘கழற்றாதீர்கள்’ என்று எழுத முடியும்? உள்ளே உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இந்த அறிவு வேறு எந்த வழியிலும் வராது.

அங்கே பதில் எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். முழு விளக்கத்தையும் பின்னூட்டத்தில் எழுதாதீர்கள். முதலில் உங்கள் தளத்துப் பக்கத்தைத் திருத்துங்கள். பிறகு இரண்டு வரிப் பதிலும் அந்தப் பக்கத்தின் இணைப்பும் போடுங்கள். தாமதமாகும் என்றால் இரண்டு வரி முதலில் போகட்டும், இணைப்பு மாலையில் வரட்டும். ஆபத்தான யோசனை கண்ணில் பட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. ‘இது உயிருக்கு ஆபத்து, காரணம் இது’ என்று உடனே எழுதி, குழு அட்மினிடம் அதை மேலே நிலையாகப் பொருத்தி வைக்கவோ தவறான பதிலை நீக்கவோ கேளுங்கள். எழுதியவரைக் கிண்டல் செய்துவிடாதீர்கள். அவர் உங்கள் எதிரி ஆகிவிட்டால் அந்தக் குழுவையே இழந்துவிடுவீர்கள்.

இணைப்பைப் பிடித்துத் தொங்குவது ஏன்? அந்த இடம் உங்களுடையது இல்லை. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கு மூடப்பட்டது. யாகூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் போனது. 2023 ஜூன் கடைசியில் ட்விட்டர், உள்நுழையாதவர்களுக்குப் பதிவுகளைக் காட்டுவதைத் திடீரென்று நிறுத்தியது. பிறகு ஓரளவு தளர்த்தினார்கள். ஆனால் அந்த நாட்களில் ‘விளக்கத்துக்கு இந்த ட்வீட்டைப் பாருங்கள்’ என்று எழுதியிருந்த கையேடு என்ன ஆகியிருக்கும்? வாட்ஸ்அப் குழுவின் கதை இன்னும் மோசம். அங்கே எழுதிய நல்ல பதில் தேடுபொறிக்கு எட்டவே எட்டாது, அடுத்த வாரம் அதே கேள்வி மறுபடி வரும்.

யூடியூப் பற்றியும் கேட்டிருக்கிறார் மேலாளர். கனெக்டரை எப்படி அழுத்திப் பொருத்துவது, மூடியை எப்படிக் கழற்றுவது போன்ற கைவேலைகளுக்கு வீடியோவை அடிக்க எதுவும் இல்லை. மெனுக்களுக்கு வீடியோ எடுக்காதீர்கள். யூடியூபில் ஏற்றிய வீடியோவை வெட்டலாம், மங்கலாக்கலாம், ஆனால் அதே முகவரியில் புது வீடியோவை மாற்றி வைக்க முடியாது. ஃபர்ம்வேர் மாறியதும் புதிதாக ஏற்ற வேண்டும், பழையதற்குக் கொடுத்த இணைப்புகளை எல்லாம் தேடித்தேடி மாற்ற வேண்டும். எழுத்தில் ஒரு சொல்லை மாற்றினால் முடிகிற வேலை அது.

உரிமை விஷயத்தைச் சட்டப் பிரிவிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். பயனர் எழுதியது பயனருக்குச் சொந்தம். குழுவில் நன்றாக எழுதியிருக்கிறார் என்று அப்படியே எடுத்துக் கையேட்டில் போட முடியாது, அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருவார்கள், பெயரைக் குறிப்பிட்டால் இன்னும் மகிழ்வார்கள். பொது விக்கி தொடங்கினால் முதல் தொகுப்புக்கு முன்பே உரிம விதியை எழுதி வைக்க வேண்டும், பின்னால் ஆளாளுக்குத் தேடிப்போய் ஒப்புதல் வாங்க முடியாது. போட்டோக்களிலும் கவனம் தேவை. பிழையைக் காட்ட இன்வெர்ட்டரைப் படமெடுத்துப் போடுபவர், பக்கவாட்டு லேபிளையும் சேர்த்தே போட்டுவிடுகிறார். பல கருவிகளில் அந்த லேபிளில் இருக்கும் எண்களை வைத்துக் கண்காணிப்புச் செயலியில் கருவியைப் பதிவு செய்துகொள்ள முடியும். உங்கள் கருவியும் அப்படி என்றால், லேபிளை மறைக்கச் சொல்லி அட்மின்களிடம் ஒரு விதி சேர்க்கச் சொல்லுங்கள்.

மேலாளர் கட்டாயம் எண்கள் கேட்பார். லைக்குகளையும் உறுப்பினர் எண்ணிக்கையையும் கொடுக்காதீர்கள், பிறகு அதையே வளர்க்கச் சொல்வார். சப்போர்ட்டில் அதிகம் வரும் பத்துக் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தைத் திருத்துவதற்கு முன் மாதத்துக்கு எத்தனை அழைப்பு, திருத்திய பின் எத்தனை என்று காட்டுங்கள். தளத்தில் தேடி ஒன்றும் கிடைக்காமல் போன சொற்களின் பட்டியலையும் மாதம் ஒருமுறை சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பட்டியலைப் பார்க்கிற மேலாளர் அடுத்த கூட்டத்தில் ‘இதற்கு இன்னும் பக்கம் இல்லையா?’ என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் உங்கள் பாதி வேலை முடிந்தது.

கடைசியாக, யார் பெயரில் எழுதுவது? சொந்தப் பெயரில் எழுதுங்கள், நிறுவனத்தின் ஆவணக் குழுவில் இருப்பதை ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். முகமில்லாத நிறுவனக் கணக்கு வந்து பேசினால் பயனர் குழு விளம்பரம் என்று ஒதுக்கிவிடும். மறைத்து எழுதினால் என்றைக்காவது தெரியவரும், அன்றைக்கு நீங்கள் சொன்ன சரியான பதில்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அது பயனர்கள் நடத்தும் குழு என்பதால் சேர்வதற்கு முன் அட்மினிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண் எல்லாருக்கும் தெரியும், ஆகவே அலுவலக எண்ணையே பயன்படுத்துங்கள். திரும்பப் பெறுதல், பாதுகாப்பு அறிவிப்பு போன்றவை மட்டும் நிறுவனக் கணக்கிலிருந்து போகட்டும். வாரன்டி பற்றி யார் எவ்வளவு நெருக்கிக் கேட்டாலும் நீங்கள் பதில் எழுதாதீர்கள். சப்போர்ட்டில் டிக்கெட் பதிவு செய்துவிட்டு, பதிவு செய்திருப்பதை மட்டும் குழுவில் சொல்லுங்கள்.